வசன கவிதையும் கு. ப. ராஜகோபாலனும்

திருச்சிராப்பள்ளி என்றவுடன் மலைக்கோட்டையும் காவிரியும் அக்கரையில் அரங்கநாதர் கோயிலும் நினைவுக்கு வருவது இயல்பே. தமிழ் இலக்கியத்தின் பெரிய வழக்கொன்று அவ்வூரில் விசாரணைக்கு வந்தது என்பது பலருக்கு நினைவிராது. கவிதைக்கு யாப்பு இன்றியமையாததுதானா, வசனத்திலே கவிதை பிறக்கக் கூடுமா என்பதே அவ்வழக்கு. 1942-ஆம் வருஷம் திருச்சியில் தோன்றிய கலாமோகினியும், அதே ஜில்லாவைச் சேர்ந்த துறையூரிலிருந்து வெளிவந்த கிராம ஊழியனும் இவ்வழக்குக்கு மன்றங்களாயின. வசன கவிதையின் பக்கம் நின்று வாதித்தவர்களுள் முதல்வராக வைத்து எண்ணத்தக்கவர் கு. ப. ராஜகோபாலன். வாதம் முடியுமுன்பே 1944-இல் அவர் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்திரண்டு.

இன்று சிறுகதை ஆசிரியர் என்ற முறையிலேயே கு. ப. ரா. பெரும்பாலும் போற்றப்படுகிறார். அது நியாயமே. ஆயினும் அவருடைய கதையைக் கதையென்றும் கவிதையைக் கவிதையென்றும் பிரித்து இரண்டு அலமாரிகளில் வைத்துவிடுவது அவர் வாழ்ந்த வாழ்க்கைக்குப் பொருந்தாது என்று நாம் கருதுகிறோம். அவ்விரண்டுக்கும் நடுவே உள்ள வரப்பின்மீதே அவர் நடந்தார். அவ்வரப்பு எத்தகையது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கு. ப. ரா. 1902-ஆம் வருஷம் ஜனவரி மாதம் கும்பகோணத்தில் பிறந்தார். தந்தையார் பட்டாபிராமையர், தாயார் ஜானகி அம்மாள். வீட்டில் வழங்கிய பாஷை தெலுங்கு. தந்தையார் ரயில்வே உத்தியோகஸ்தர். பிள்ளைக்கு ஆறு வயதாயிருக்கும்பொழுது குடும்பம் திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கத் தீவில், திருவானைக்காவை அடுத்துள்ள கொண்டையம்பேட்டையில் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்தது. அதிலேதான் அவருக்கு எழுத்தறிவு உண்டாயிற்று. பின்னர் நாஷனல் ஹைஸ்கூலிலும், அப்பள்ளி 1919-இல் கல்லூரியாக வளர்ந்தபின் அக்கல்லூரியிலும் அவர் படித்தார். ஆகவே பிறப்பும் இறப்பும் கும்பகோணத்துக்கு உரியவையாயினும், அறிவு அரும்பிய பருவம் முழுவதும் திருச்சிக்கே சொந்தம்.

அந்தத் தீவைப் பற்றி இங்கே சிறிது சொல்லியே ஆகவேண்டும். வசனம் பாட்டின் பீடத்தில் ஏறி அமர்ந்திருப்பதைக் கண்ணாரக் காண வேண்டுமானால் ஸ்ரீரங்கத்துக்குத்தான் போக வேண்டும். பங்குனி உத்திரத்தன்று அரங்கநாதரும் ரங்கநாயகித் தாயாரும் ஓராசனத்தில் எழுந்தருளும் சேர்த்தி சேவையில் ராமாநுஜர் அருளிய கத்யத்ரயம் சேவிக்கப்படுகிறது. கத்யம் என்றால் வசனம். சரணாகதி கத்யம், ஸ்ரீரங்க கத்யம், வைகுண்ட கத்யம் ஆகிய மூன்றிலும் சுலோக விருத்தம் கிடையாது. ஆயினும் தொடர்மேல் தொடராக அலையெழுந்து அடங்கும் அவ்வோசையைக் கேட்பவர் எவரும் அதைக் கணக்குப் பதிவேட்டின் வசனத்தோடு சேர்த்து எண்ணமாட்டார். வேதாந்தத்தை ஸ்ரீபாஷ்யத்தில் தர்க்க முறையில் எழுதிய அதே ஆசாரியர், அழுது சரண் புகும் வேளையில் விருத்தத்தையும் நாடவில்லை, தர்க்க நடையையும் நாடவில்லை. மூன்றாவதான ஒன்றை நாடினார்.

மார்கழியிலே பகல்பத்து, இராப்பத்து நாட்களில் அரையர்கள் பாசுரத்தைப் பாடி, அபிநயித்து, அதன்பின் அதற்குரிய வியாக்கியானத்தையும் ஒருவகை இழுப்புடன் ஓதுகிறார்கள். பாட்டு எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கியது என்று கோயிலுக்குப் புதிதாக வந்த ஒருவர் செவியால் மாத்திரம் கண்டுபிடிப்பது எளிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவ்வூரிலே வாழ்ந்த அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயம் என்னும் நூலை வசன சூத்திரங்களாகவே செய்தார். அச்சூத்திரங்களில் ஆழ்வார்களுடைய சொற்களும் சொற்றொடர்களும் நெருங்கப் பின்னிக் கிடக்கின்றன. பாட்டின் நூலை எடுத்து வசனமாக நெய்த துணி அது. கொண்டையம்பேட்டைத் திண்ணையில் அரிச்சுவடி படித்த சிறுவனுக்கு இவைதாம் வழிகாட்டின என்று நாம் சாதிக்க வரவில்லை. பின்னாளில் வசன கவிதையை மேனாட்டு இறக்குமதி என்று இகழ்ந்தவர்கள், அவன் எழுத்துக் கற்ற தீவிலேயே எத்தனை நூற்றாண்டுகளாக அதன் உறவினர் குடியிருந்தனர் என்பதை மறந்தார்கள் என்று மட்டுமே சொல்லுகிறோம்.

காவிரியின் தென்கரையிலும் இவ்வழக்குக்குச் சாட்சிகள் உண்டு. 1815-இல் திருச்சிக்கு அருகே பிறந்து, நெடுங்காலம் திருச்சியிலேயே வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் போலச் செய்யுள் பொழிந்தவர் அந்த நூற்றாண்டில் வேறொருவர் இலர். தலபுராணங்கள் மட்டும் இருபதுக்கு மேல் அவர் செய்திருக்கிறார். அதே திருச்சிச் சீமையில் குளத்தூரில் 1826-இல் பிறந்தவர் வேதநாயகம் பிள்ளை. 1879-இல் பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டுத் தமிழ் நாவலுக்கு முதல்வரானவர் அவரே. மாயூரத்திலே இவ்விருவரும் ஆருயிர் நண்பராயினர். மகாவித்துவான் தம் நண்பர்மீது ஒரு கோவையே பாடினார். செய்யுளின் மலையும் வசனத்தின் ஊற்றும் ஒரே மண்ணில் ஒன்றையொன்று பகைக்காமல் இருந்தன. பகைமை பிற்பாடு வந்தது.

கு. ப. ரா.வின் சரித்திரத்துக்குத் திரும்புவோம். அவர் இண்டர்மீடியட் படிக்கும் காலத்தை ஒட்டித் தந்தையார் காலமாகவே, குடும்பம் மீண்டும் கும்பகோணம் சேர்ந்தது. அங்கே அரசினர் கல்லூரியில் ஸம்ஸ்கிருதத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்து அவர் பி. ஏ. பட்டம் பெற்றார். இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்வது சரியன்று. வடமொழி அலங்கார சாஸ்திரம் கற்றவனுக்குக் காவியம் என்ற சொல்லே வேறு பொருள் தரும். தண்டி தம் காவ்யாதர்சத்தில் காவியத்தைப் பத்யம், கத்யம், இரண்டும் கலந்தது என மூவகையாகப் பகுத்தார். பாணர் செய்த காதம்பரி முழுவதும் வசனமே. ஆயினும் அதைக் காவியமன்று என்று சொன்ன பண்டிதர் யாருமில்லை. அந்தச் சாஸ்திரத்தைப் பயின்ற ஓர் இளைஞருக்கு வசனத்தில் கவிதை என்பது முரண்பாடாகத் தோன்றியிராது.

தாகூரின் கீதாஞ்சலி ஆங்கிலத்தில் வெளிவந்தது 1912-இல். மறு வருஷம் நோபல் பரிசு கிடைத்தது. வங்காளத்திலே அவை தாளத்தோடு கூடிய பாடல்கள். ஆங்கிலத்திலோ தாகூர் அவற்றை வசனமாகவே தந்திருந்தார். உலகம் அவ்வசனத்தைப் படித்துவிட்டே அவரை மகாகவி என்றது. தமிழ்நாட்டுக் கல்லூரி மாணாக்கருள் வங்காள பாஷை அறியாதார்க்குத் தாகூர் என்பது அந்த வசனம்தான். அமெரிக்காவில் வால்ட் விட்மன் 1855-இலேயே யாப்பைத் துறந்து புல்லின் இலைகளைப் பாடியிருந்தார். விட்மனைத் தமிழருக்கு அறிமுகப்படுத்தியவர் பாரதியார். அதோடு நில்லாமல் வேத மந்திரங்களின் நடையையும் தம்முள் வாங்கிக் காட்சிகள் என்ற வசன கவிதையையும் செய்துவைத்துப் போனார். 1921-இல் அவர் மறைந்தபின் சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் அவ்வழியில் யாரும் துணிந்து நடக்கவில்லை.

கும்பகோணத்திலே கு. ப. ரா.வுக்கு ந. பிச்சமூர்த்தியின் தோழமை வாய்த்தது. இருவரையும் இலக்கிய உலகம் கும்பகோணம் இரட்டையர் என்றே அழைத்தது. பிச்சமூர்த்தி வக்கீல் தொழிலை மேற்கொண்டார். கு. ப. ரா. மதுரை ஜில்லா மேலூரில் தாலூகாக் கச்சேரிக் குமாஸ்தாவானார். சர்க்கார் உத்தியோகம், மாதச் சம்பளம், விவாகம், குடும்பம் என்று வாழ்க்கை மற்றவர்க்குப் போலவே தொடங்கிற்று. அது நெடுநாள் நீடிக்கவில்லை. கண்களிற் புரை படர்ந்து பார்வை மங்கிற்று. கச்சேரிக் கணக்கு, கண் தெரியாதவனுக்கு ஏது? உத்தியோகத்தை விட்டு அவர் கும்பகோணத்துக்குத் திரும்பினார்.

பார்வையற்றிருந்த அந்நாட்களில் அவர் சொல்லச் சொல்ல அவருடைய தங்கை சேது அம்மாள் கதைகளை எழுதினார். எழுதிக் கொடுத்த தங்கை பிற்காலத்தில் கு. ப. சேது அம்மாள் என்ற பெயரில் தாமே சிறந்த கதாசிரியையாக விளங்கியது தமிழுக்குக் கிடைத்த இரட்டை லாபம். சிகிச்சையினால் பின்னர் அவருக்குப் பார்வை மீண்டது. இந்தக் காலத்தை நாம் அவருடைய நடைக்கு முக்கியமானதாக எண்ணுகிறோம். கையால் எழுதுகிறவன் அடித்தும் திருத்தியும் வாக்கியத்தைக் கண்ணால் பார்த்துக் கட்டலாம். வாயாற் சொல்லுகிறவனுக்கு வாக்கியம் செவியில் நின்றாக வேண்டும்; மூச்சு முடியுமிடத்தில் வாக்கியமும் முடிந்தாக வேண்டும். கு. ப. ரா.வின் வாக்கியங்கள் சிறியவை, அடங்கிய குரலில் பேசுபவை. ஒரு சொல்லை எடுத்தாலும் ஓசை குறைபடும். அது கண்ணுக்கு எழுதிய வசனமன்று.

1933-இல் தோன்றிய மணிக்கொடி இவருக்கும் பிச்சமூர்த்திக்கும் களமாயிற்று. 1934-இல் அப்பத்திரிகையில் பிச்சமூர்த்தியின் வசன கவிதை வெளிவந்தது. கு. ப. ரா.வும் உடன் எழுதலானார். அதே வருஷங்களில் பாரதியாரை மகாகவி எனலாமா என்ற பெரும் சர்ச்சை மூண்டது. உலக மகாகவிகளின் வரிசையில் அவரை வைக்க முடியாது என்பது அப்பொழுது ஆனந்த விகடனில் இருந்த கல்கியின் கட்சி. அதை மறுத்துக் கு. ப. ரா.வும் சிட்டி என்ற பெ. கோ. சுந்தரராஜனும் கட்டுரைகள் எழுதினர். அவை கண்ணன் என் கவி என்ற புஸ்தகமாக 1937-இல் வெளியாயின. கல்கியே பின்னர் எட்டயபுரத்தில் பாரதியாருக்கு மணிமண்டபம் எழுப்ப முன்னின்று உழைத்து, 1947-இல் அதை முடித்தும் வைத்தார் என்பதை நினைக்கும்பொழுது அந்தச் சண்டையில் கசப்புக்கு இடமில்லை. ஆனால் கு. ப. ரா.வைப் பொறுத்தமட்டில் அது ஒரு பயிற்சிக்களம். பாட்டின் பெருமை எதில் இருக்கிறது என்று ஊர் அறியச் சொல்லவேண்டிய கட்டாயம் அவருக்கு அங்கேதான் ஏற்பட்டது.

வசன கவிதையை எதிர்த்தவர்களின் வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்ற ஆறு உறுப்புக்களையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தீட்டித் தீட்டி வைத்திருக்கும் பாஷை தமிழ். வெண்பாவில் ஒரு தளை பிழைத்தால் செவி உடனே சொல்லிவிடும். அத்தகைய கட்டுப்பாட்டுக்குப் பழகியவர், நான்கு வரிகளை மேலும் கீழுமாக முறித்து அச்சிட்டுவிட்டு இது கவிதை என்று நீட்டினால் சும்மா இருப்பாரா? உழைக்கச் சோம்பியவர்க்கு இது குறுக்கு வழி என்றனர். உருவம் இல்லாமல் கவிதை இல்லை என்று ரசிகமணி டி. கே. சி. போன்ற நுண்ணிய ரசிகரும் இடைவிடாமற் சொல்லி வந்தார். சோம்பேறிகளைப் பற்றிய பயம் வீண் பயமன்று என்பதைப் பிற்காலத்துப் பத்திரிகைகளைப் புரட்டுவோர் ஒப்புக்கொள்வர்.

ஆயினும் எதிர்க்கட்சியார் ஒன்றை மறைத்துப் பேசினர். யாப்பு இருப்பதால் மட்டும் ஒன்று கவிதையாகுமானால், தமிழில் கவிதைக்குப் பஞ்சமே இல்லை. வைத்தியம், சோதிடம், நிகண்டு, கணக்கு எல்லாமே செய்யுளில்தான் இருந்தன. மனப்பாடத்துக்கு வசதி என்பது காரணம். மருந்துக்குச் சரக்கு இத்தனை வராகனெடை என்று சொல்லும் விருத்தத்தைப் படித்து எவரும் கண்ணீர் விட்டதில்லை. செய்யுள் வேறு, கவிதை வேறு என்பதை உலகத்தில் எந்த ஜனங்களுக்காவது எடுத்துச் சொல்ல வேண்டாமென்றால் அது தமிழருக்குத்தான்.

பழைய நூல்களும் அவர்களுக்கு முழுத் துணை செய்யவில்லை. தொல்காப்பியர் யாப்பு நிலைபெறும் இடங்கள் ஏழு என எண்ணுகையில் பாட்டோடு உரையையும் சேர்த்தே எண்ணினார். சிலப்பதிகாரத்தில் உரைப்பாட்டு மடை என்ற பகுதிகளே உண்டு. இளங்கோவடிகள் பாட்டின் நடுவே உரையை வைக்கத் தயங்கவில்லை. இறையனார் களவியல் உரையின் பல பகுதிகளில் எதுகையும் மோனையும் அடுக்கி வருவதைப் பார்த்தால், உரையாசிரியர் உரை சொன்னாரா, பாடினாரா என்ற மயக்கம் எழும். இன்னொன்று: ஏட்டுச் சுவடியில் பாட்டும் உரையும் ஒரே மாதிரிதான் எழுதப்பட்டன. அடிக்கு ஒரு வரி என்று முறிக்கும் வழக்கம் ஓலையிலே இல்லை. ஓலை தீரும் வரையில் எழுத்து ஓடும். அடி எங்கே முடிகிறது என்பதைக் காது தீர்மானித்தது. வரி முறித்துக் காட்டியது அச்சு யந்திரம். அவ்வாறிருக்க, வசன கவிதைக்காரர் வரி முறிக்கிறார் என்று பரிகசித்தவர்கள், தாம் கையில் வைத்திருந்த கம்பராமாயணப் பதிப்பும் அதே யந்திரத்தின் தயவால்தான் நான்கு நான்கு வரிகளாக நின்றது என்பதை எண்ணவில்லை போலும்.

கு. ப. ரா. இவ்வாதத்தில் எடுத்துக்கொண்ட நிலை நுட்பமானது. யாப்பு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வசன கவிதைக்கும் யாப்பு உண்டு, அது வேறுவகை யாப்பு என்பதே அவர் கட்சி. யாப்பிலக்கணத்தை வழுவாமற் பின்பற்றியவை எல்லாம் கவிதையாகிவிடவில்லை. அதுபோலவே அதை விட்டவை எல்லாம் வெறும் வசனமாகிவிடவும் இல்லை. ஓசையின் ஒழுங்கும் அளவும் வசன கவிதைக்கும் தேவை. எதுகையும் மோனையும்கூட அதில் வரும், ஆனால் புதிய முறையில் வரும் என்று அவர் விளக்கினார். விடுதலை கேட்கிறவன் பொறுப்பையும் ஏற்றுக்கொள்வது அரசியலில் மட்டுமா முறை? தளையை அறுப்பதற்காகவே தளையை அறுத்தவர் அல்லர் கு. ப. ரா. புதிய நடைக்குப் புதிய நியமம் ஒன்றை அவர் தேடினார். முழுவதும் வகுத்துச் சொல்ல ஆயுள் இடங்கொடுக்கவில்லை.

இதற்கிடையில் பிழைப்பு என்று ஒன்று இருந்தது. எழுத்தையே நம்பிச் சென்னைக்குச் சென்ற அவர், கா. சி. வேங்கடரமணியின் பாரதமணி, பின்னர் பாரததேவி முதலிய பத்திரிகைகளில் பணியாற்றினார். பாரத்வாஜன், கரிச்சான் எனப் பல புனைபெயர்களில் அவர் எழுதிக் குவித்தவற்றுள் பெரும்பகுதி அன்றன்றைய அரிசிக்காக எழுதியவை. ஸ்டீவன்ஸனின் கதையொன்றை இரட்டை மனிதன் என்று தமிழாக்கினார். சரத் சந்திரரையும் டால்ஸ்டாயையும் மொழிபெயர்த்தார். யுத்தம் வந்தது. சென்னையில் குண்டு விழும் என்ற பீதியில் ஜனங்கள் ஊரைக் காலி செய்தனர். அக்காலத்தில் அவரும் கும்பகோணம் வந்து சேர்ந்தார்.

காகிதம் கிடைக்காத அந்த வருஷங்களில், பெரிய பட்டணத்தை விட்டுத் திருச்சி ஜில்லாவுக்கு மறுமலர்ச்சி இலக்கியம் குடியேறியது ஒரு விசித்திரமே. சாலிவாஹனன் என்ற பெயரில் எழுதிய வி. ரா. ராஜகோபாலன் 1942-இல் திருச்சியில் கலாமோகினியைத் தொடங்கினார். மணிக்கொடி நின்றபின் போக்கிடமின்றி இருந்த எழுத்தாளர்களுக்கு அது ஒரு சத்திரமாயிற்று. பிக்ஷு என்ற பெயரில் பிச்சமூர்த்தி கவிதை எழுதினார். வசன கவிதை என்ற சொல்லையே கேட்கச் சகியாதவர்களுக்கும் அதைச் சார்ந்தவர்களுக்கும் இடையே அங்கே வாதம் சூடுபிடித்தது.

பச்சைமலைச் சாரலை அடுத்த துறையூரில் கிராம ஊழியன் என்ற அரசியல் வாரப் பத்திரிகை ஒன்று நடந்துவந்தது. 1943-இல் அது இலக்கியப் பத்திரிகையாக உருமாறியது. பாரதி பக்தரும், பிற்காலத்தில் திருச்சியில் சிவாஜி பத்திரிகையை நடத்தியவருமான திருலோக சீதாராம் அதன் ஆசிரியர். கௌரவ ஆசிரியராகக் கு. ப. ரா. அமைந்தார். இந்தக் கடைசிக் காலத்தில் தம்மினும் இளையவர்களுக்கு அவர் செய்த உதவி, அவர் எழுதியவற்றுக்குச் சமமாக மதிக்கத்தக்கது. தி. ஜானகிராமனின் முதல் நாவலான அமிர்தம் கிராம ஊழியனிலேயே தொடர்ந்து வெளியாயிற்று. ஆர். நாராயணசாமி என்ற மற்றோர் இளைஞர், கரிச்சான் என்ற தம் குருவின் புனைபெயரை எடுத்துக்கொண்டு, அதற்குக் குஞ்சாகத் தம்மை வைத்துக் கரிச்சான் குஞ்சு என்றே எழுதலானார். தமிழில் சிஷ்ய பக்தி இவ்வளவு அழகாகப் பெயர் சூட்டிக்கொண்டது அபூர்வம்.

இனி, நம் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறோம். கு. ப. ரா. வசன கவிதை என்று பெயரிட்டு வெளியிட்டவை எண்ணிக்கையிற் சிலவே. அவற்றுள் நெஞ்சைத் தொடுபவை உண்டு. வரி முறித்த கட்டுரையைத் தாண்டாதவையும் உண்டு. பிச்சமூர்த்திக்கு அந்த நடையில் வாய்த்த விரிவும் துள்ளலும் இவருக்கு எப்பொழுதும் வாய்க்கவில்லை. பெண்ணின் வியப்பைப் பற்றியும் காதலின் ஏக்கத்தைப் பற்றியும் அவர் வசன கவிதையிற் சொல்லும்போது குரல் சற்று உயர்ந்துவிடுகிறது; அவருக்கு இயல்பான அடக்கம் அங்கே தளர்கிறது. கட்சிக்காக எழுதுகிறோம் என்ற நினைவு பேனாவைத் தொட்டிருக்கலாம்.

அவர் நிரூபிக்க விரும்பியதை அவருடைய கதைகளே நிரூபித்தன. விடியுமா என்ற கதையைப் படித்தவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. கணவன் சென்னை ஆஸ்பத்திரியில் அபாயமாக இருக்கிறான் என்று கும்பகோணத்துக்குத் தந்தி வருகிறது. மனைவி குஞ்சம்மாளும் அவள் தம்பியும் இரவு ரயிலில் புறப்படுகிறார்கள். கதை முழுவதும் அந்த ஒரு ராத்திரிதான். வண்டி நிற்கும் ஸ்டேஷன்கள், எதிரே உட்கார்ந்திருக்கும் பிரயாணிகள், நம்பிக்கை ஒருகணம் எழுந்து அடுத்த கணம் படுத்துவிடும் சில பேச்சுக்கள், அவ்வளவே. பெரிய சம்பவம் ஒன்றும் இல்லை. தந்தியிலே கண்ட செய்தி மீண்டும் மீண்டும் மனத்தில் வந்து மோதுவது பாட்டின் பல்லவி திரும்புவதைப் போன்றது. இருட்டும் வெளிச்சமும் அங்கே வர்ணனைக்காக வரவில்லை. அவையே கதையின் எதுகையும் மோனையும் ஆகின்றன. விடிகிறபோது விடிவு எத்தகையது என்பதை அவர் விரித்துரைக்கவில்லை. உரைத்திருந்தால் அது வசனமாகியிருக்கும்.

ஆற்றாமை, திரை, கனகாம்பரம், சிறிது வெளிச்சம் முதலிய கதைகளிலும் இதையே காண்கிறோம். எல்லாம் சில பக்கக் கதைகள். ஒரு மனைவியின் மனத்தில் எழுந்த பொறாமை, ஒரு கைம்பெண்ணின் ஏக்கம், வாடகை வீட்டின் மெல்லிய சுவருக்கு அப்பால் கேட்கும் ஓசை போன்ற, வெளியே சொல்லக் கூச்சப்படும் விஷயங்களையே அவர் எடுத்துக்கொண்டார். அவற்றை விவரமாக எழுதினால் ஆபாசம்; பொதுப்படையாக எழுதினால் உபதேசம். குறிப்பாற் சொல்லும் வழி ஒன்றே மிஞ்சுகிறது. குறிப்பாற் சொல்லுவது கவிதையின் தொழில் என்று சங்கப் புலவர் முதல் ஆனந்தவர்த்தனர் வரையில் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அகத்திணைப் பாடல்களில் சொல்லாமல் விட்டதைக் கொண்டு பொருள் கொள்ளும் பழக்கம் நம்மவர்க்குப் புதிதா? அப்பழக்கத்தைத் தாலூகாக் குமாஸ்தா வீட்டுக்கும் ரயில் வண்டிக்கும் கொண்டு வந்தவர் கு. ப. ரா. அதற்கு வெண்பாவும் விருத்தமும் இடங்கொடுத்திரா. கச்சேரி வசனமும் உதவியிராது.

இப்படிப் பார்த்தால் வசனத்துக்கும் கவிதைக்கும் எல்லை எங்கே என்ற கேள்வியை அவர் இரண்டு விதமாக எழுப்பினார். வசன கவிதை எழுதி வெளிப்படையாக எழுப்பினார்; அதற்காக ஏச்சும் பெற்றார். கதை எழுதி மறைமுகமாக எழுப்பினார். அங்கே யாரும் ஏசவில்லை, ஏனெனில் யாரும் கவனிக்கவில்லை. அடி எண்ணிப் பார்த்த பண்டிதர்கள் கதைப் பக்கம் வரவில்லை. கதை படித்தவர்களுக்கு அடி எண்ணும் நினைவே எழவில்லை.

துறையூர்ப் பணி நெடுநாள் நடக்கவில்லை. நெடுநாளாக உடல் நலிந்திருந்த அவருக்குக் காலில் ரத்த ஓட்டம் தடைப்பட்டுச் சதை அழுகும் கொடிய நோய் கண்டது. இளம் நண்பர்களான ஜானகிராமனும் கரிச்சான் குஞ்சுவும் அந்த வேதனையை அருகிருந்து கண்டவர்கள். 1944-ஆம் வருஷம் ஏப்ரல் 27-ஆம் தேதி கும்பகோணத்தில் அவர் உயிர் பிரிந்தது. குடும்பத்துக்கு விட்டுச் சென்ற ஆஸ்தி என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை.

கிராம ஊழியன் பின்னர் வல்லிக்கண்ணனின் ஆசிரியப் பொறுப்பில் 1947 வரை நடந்து நின்றது. பிச்சமூர்த்தியும் சில காலம் கவிதை எழுதாமல் இருந்தார். வழக்குத் தள்ளுபடியாயிற்று என்றே எதிர்க்கட்சியார் எண்ணியிருப்பர். 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா சென்னையில் எழுத்து என்ற பத்திரிகையைத் தொடங்கி, பிச்சமூர்த்தியின் பழைய கவிதைகளை மறுபடி அச்சிட்டார். அதைப் படித்த இளைஞர் பலர் தாமும் எழுதத் தொடங்கினர். வசன கவிதை என்ற பெயர் மெல்ல மறைந்து புதுக்கவிதை என்ற பெயர் நிலைத்தது. வல்லிக்கண்ணன் இந்த வரலாறு முழுவதையும், திருச்சிப் பத்திரிகைகளில் நடந்த விவாதம் உட்பட, ஒரு நூலாகத் தொகுத்தார். அந்நூலுக்கு 1978-இல் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது.

கு. ப. ரா.வின் எழுத்துக்களோ பழைய பத்திரிகைகளில் சிதறிக் கிடந்தன. அவர் இறந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1969-இல், வாசகர் வட்டத்தார் அவற்றுட் பலவற்றைத் திரட்டிச் சிறிது வெளிச்சம் என்ற பெயரில் வெளியிட்டார்கள். அந்தப் புஸ்தகத்தில் கதையும் கவிதையும் ஒரே அட்டைக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன.